கையால் நூற்ற நூலில் லேஸ் சாக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மத்தியானம் ஏழெட்டுப் பேர் கூடுவோம். சிலர் நூற்பார்கள், சிலர் பின்னுவார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பதும், போனில் கூப்பிட்டுக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஆளுக்கு ஆள் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நம்ம ஊர் வெக்கைக்கு சாக்ஸ் எதுக்கு?

இதைக் கேட்காதவர்கள் கிடையாது. நான் பின்னுவதில் பாதி கடல் தாண்டிப் போகிறது. குமரி மாவட்டத்தில் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெரு எங்கே இருக்கிறது? கனடாவில் படிக்கிற பேத்திக்கு, இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிற மருமகளுக்கு என்று கம்பளி நூலில் கேட்பார்கள். மறுபாதி இங்கேயே செலவாகிறது. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற, அதாவது புதுநன்மை வாங்குகிற பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வெள்ளை லேஸ் சாக்ஸ். கடையில் வாங்கும் நைலான் சாக்ஸின் எலாஸ்டிக் கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக வளையம் போட்டுவிடும். பூசை முடிவதற்குள் பிள்ளை ஒரு காலால் மறு காலைத் தேய்க்க ஆரம்பிக்கும். பருத்தி லேஸில் அந்தத் தொல்லை இல்லை. துளைகள் வழியாகக் காற்று போய்வருவதால் வேர்வையும் தங்காது.

வயதானவர்களும் வாங்குகிறார்கள். மார்கழி விடியலில் மொசைக் தரையில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாகர்கோவில் லேஸ் என்று சொல்வார்களே, அதுவா இது?

அது வேறு வேலை, இது வேறு வேலை. நாகர்கோவில் லேஸ் தலையணை லேஸ். கெட்டியான தலையணை மேல் டிசைன் குத்திய தாளை வைத்து, குண்டூசிகளை நட்டு, பாபின் என்கிற சின்னக் கட்டைகளில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டு, முறுக்கி முறுக்கி உருவாக்குவது. ஒரு விரல் அகல லேஸுக்கே பல ஜோடிக் கட்டைகள் ஓடும். நாம் செய்வது ஊசிப் பின்னல்: ஒரே நூல், கண்ணிக்குள் கண்ணி.

ஆனாலும் அந்த லேஸின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த மாவட்டத்தில் யாரும் நூலைக் கையில் எடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். லண்டன் மிஷன் சார்பில் சார்லஸ் மால்ட் 1819இல் மனைவியோடு நாகர்கோவிலுக்கு வந்தார். பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் லேஸ் வேலையைத் தொடங்கிவைத்தவர் அந்த அம்மாள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, லேஸ் செய்து கிடைத்த கூலியைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். தோள்சீலை போடக் கூடாது என்று நம் பெண்களை அடித்து விரட்டிய காலமும் அதுதான். அந்த உரிமைக்கு அரசாணை வந்தது 1859இல். தன் மாரை மூட ஒரு முழத் துணிக்கு அனுமதி இல்லாதவள், சீமைக்காரிகளின் கழுத்துப்பட்டிக்கு லேஸ் செய்துகொண்டிருந்தாள். எனக்கு ஊசி எடுக்கச் சோம்பலாக இருக்கிற நாளில் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் திண்ணைக்கு வருகிறவர்களில் ஒரு பாட்டி சின்ன வயதில் கட்டை லேஸ் செய்தவர். ஊசிப் பின்னல் அவருக்குப் புதுசு. ஆனால் நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அவர் விரலுக்கு யாரும் சொல்லித்தரவில்லை; அது தானாக வந்தது.

கடையில் நல்ல சாக்ஸ் நூல் கிடைக்கிறதே, ஏன் கஷ்டப்பட்டு நூற்க வேண்டும்?

லேஸுக்கும் சாக்ஸுக்கும் வேண்டிய நூல் ஒன்றல்ல என்பதுதான் இந்த வேலையின் முழுச் சிக்கல். லேஸ் திறந்து நிற்க வேண்டும். அதற்கு நூல் மெலிசாக, கொஞ்சம் தளர்வாக இருந்தால் அழகு. சாக்ஸ் செருப்புக்குள்ளும் ஷூவுக்குள்ளும் உரசியே வாழ்வது. அதற்கு நூல் இறுகி, உருண்டையாக, அடிவாங்கத் தயாராக இருக்க வேண்டும். கடை நூலில் இந்தச் சண்டையை நைலான் கலந்து தீர்க்கிறார்கள். நூற்றுக்கு 20, 25 பங்கு நைலான் இருக்கும். அது தப்பில்லை, நானும் அதில் பின்னியிருக்கிறேன். ஆனால் நீங்களே நூற்றால், நைலான் செய்கிற வேலையை முறுக்கைக் கொண்டு செய்யலாம். எவ்வளவு முறுக்கு, எத்தனை இழை, எந்த ரோமம் என்று மூன்றையும் உங்கள் கை முடிவு செய்யும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு ஜோடியைப் பாழாக்கித்தான். முதன்முதலில் நூற்ற கம்பளி நூல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. எல்லோரும் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதில் லேஸ் சாக்ஸ் பின்னி வெளிநாட்டில் இருக்கிற தங்கைக்கு அனுப்பினேன். மூன்றே வாரத்தில் குதிகால் சல்லடை ஆகிவிட்டதாகப் படம் எடுத்து அனுப்பினாள். பின்னல்தான் சரியில்லை என்று நினைத்து, மீதியிருந்த நூலில் இன்னும் இறுக்கமாக ஒரு குதிகால் பின்னிப் பார்த்தேன். அதுவும் அதே கதி. பிறகுதான் ஒரு நாள் அந்த நூலின் நுனியிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்து, ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு கைவிரல்களிலும் பிடித்து மெதுவாக இழுத்தேன். நூல் அறுந்தால் சின்னதாக ஒரு ‘டப்’ கேட்கும். எதுவும் கேட்கவில்லை. மயிர் மயிராக உருவிக்கொண்டு இரண்டாகப் பிரிந்தது. முறுக்கே இல்லை. அதை எந்த ஊசியில் எப்படிப் பின்னியிருந்தாலும் நின்றிருக்காது.

அன்றிலிருந்து திண்ணையில் எல்லோருக்கும் இதே பரீட்சைதான். இழை பொட்டலாம், உருவக் கூடாது. உருவினால் இன்னும் முறுக்கு வேண்டும்.

இரட்டை இழையா, மூவிழையா?

நடக்கிற சாக்ஸுக்கு மூவிழை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கினால் நூல் தட்டையான முட்டை வடிவில் இருக்கும். கண்ணியாகும்போது இழைகள் ஒன்றையொன்று வெளியே தள்ளும். அதனால் துளை நன்றாகத் திறக்கும். சால்வைக்கு அதுதான் அழகு. ஆனால் இரண்டு இழையும் எப்போதும் வெளியே தெரிந்துகொண்டு உரசலை நேரடியாக வாங்கும். மூன்று இழை சேர்ந்தால் நூல் உருண்டையாகிவிடும். ஒவ்வோர் இழையும் முறை போட்டு உள்ளே ஒளிந்துகொள்ளும். தேய்மானம் பங்கு பிரிந்துபோகும். துளை கொஞ்சம் சுருங்குவது உண்மைதான். அதற்காகக் கணுக்காலுக்கு மேலே வரும் பகுதியை மட்டும் 0.25 மி.மீ. பெரிய ஊசியில் பின்னுவேன். பாதத்துக்கு வந்ததும் சின்ன ஊசிக்கு மாறிவிடுவேன்.

முறுக்கின் திசையை மறக்காதீர்கள். ஒற்றை இழையை வலப்பக்கமாகச் சுழற்றி நூற்றிருந்தால் சேர்க்கும்போது இடப்பக்கம் சுழற்ற வேண்டும். ஒரே திசையில் சுற்றினால் நூல் சுருண்டு பன்றிவால் ஆகும். சேர்ப்பு முறுக்கு எனக்கு அங்குலத்துக்கு ஏழெட்டு வரும். சேர்த்த நூலைக் கையில் தொங்கவிட்டால் அது அசையாமல் நிற்க வேண்டும் என்று சொல்வார்கள். சாக்ஸ் நூல் ஒரு அரைச்சுற்று திரும்பினால் எனக்குச் சந்தோஷம்தான். அந்தக் கொஞ்சம் அதிக முறுக்கு குதிகாலுக்குப் போய்ச்சேரும்.

புதுநன்மை சாக்ஸ் மட்டும் விதிவிலக்கு. ஒரு நாள், மிஞ்சினால் ஒரு கல்யாணம். அதற்கு இரட்டை இழையில் துளை விரிந்து நிற்கட்டும்.

நம்ம ஊர் ஆட்டு ரோமத்தை நூற்கலாமா?

முடியாது. நம் பக்கத்திலும் நெல்லை, தூத்துக்குடி பக்கத்திலும் மேய்கிற கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகள் கறிக்கு வளர்ப்பவை. அவற்றின் மேலிருப்பது கட்டை மயிர், கம்பளி இல்லை. தமிழ்நாட்டிலேயே மெல்லிய கம்பளி தருகிற ஆடு வேண்டுமென்றால் மலையேற வேண்டும். நீலகிரி இன ஆடுகளை ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ இருக்கிறது. மெரினோ ரொம்ப மென்மை, ஆனால் சீக்கிரம் உருண்டை உருண்டையாகப் பில் பிடிக்கும். சாக்ஸுக்கு அதைவிடக் கொஞ்சம் சொரசொரப்பான, மயிர் நீளமான ரோமம்தான் நல்லது. கன்னத்தில் வைத்துப் பார்த்து ரோமம் வாங்காதீர்கள். நடக்கப்போவது கன்னம் இல்லை.

சுத்தமான கம்பளிதானா என்று பார்க்க, இரண்டு அங்குலத் துண்டைக் கிடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு. கம்பளி முடி கருகிய வாசம் அடிக்கும், தீயை எடுத்தால் அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகி ஒழுகி, ஆறினால் கறுப்பு மணியாக இறுகும். பருத்தி காகிதம் எரிகிற வாசம் அடித்து மெல்லிய சாம்பலாகும். சுத்தக் கம்பளி என்று ஒரு கடையில் என்னிடம் அரைக்கிலோ விற்றார்கள். வீட்டுக்கு வந்து கொளுத்திப் பார்த்தால் மணி மணியாக விழுந்தது. இப்போதெல்லாம் ஐம்பது கிராம் வாங்கிக் கொளுத்திப் பார்த்த பிறகுதான் மீதிக்குச் சொல்வது.

பருத்தியில் முடியுமா? வீட்டில் இலவம் பஞ்சு நிறைய இருக்கிறது.

இலவம் பஞ்சு தலையணைக்கு மட்டும். அதன் இழை வழுவழுவென்று ஒன்றோடொன்று பிடிக்காமல் வழுக்கும், முறுக்கினால் ஒடியும். மூட்டையாகக் கட்டிக்கொண்டு குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு அக்காவைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசே வரவில்லை. அன்று அவருக்கு என் பஞ்சைக் கொடுத்து உட்காரவைத்தேன்.

பருத்தியில் தாராளமாக முடியும். கோவில்பட்டிக் கரிசல் பக்கத்துக் கருங்கண்ணி நாட்டுப் பருத்தி. இழை குட்டை, அதனால் முறுக்கு அதிகம் கேட்கும், ஆனால் உழைக்கும். மெலிசாக, பட்டு மாதிரி மினுமினுப்பாக வேண்டுமென்றால் சுவின். கோயம்புத்தூரில் ஒட்டுச்சேர்த்து 1974இல் வெளியிட்ட ரகம், நம் நாட்டுப் பருத்திகளில் மிக நீளமான இழை அதனுடையது.

ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள். கம்பளி இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். பருத்தி நீளும், திரும்பாது. எனவே பருத்தி சாக்ஸை முழங்கால் வரை உயர்த்த ஆசைப்படாதீர்கள். நாலு அடி நடப்பதற்குள் இறங்கிக் கணுக்காலில் கூடிக்கிடக்கும். கணுக்காலுக்கு மேல் நாலு விரல் போதும். வாய்ப்பட்டியை, அதாவது சாக்ஸின் மேல்விளிம்பை, 2 நிட் (நேர்க்கண்ணி), 2 பர்ல் (எதிர்க்கண்ணி) போட்டு இறுக்கமாகப் பின்னி, உள்பக்கம் மடித்து, மெல்லிய எலாஸ்டிக் நூல் ஒன்றைத் தளர்வாகக் கோத்துவிடுங்கள்.

தக்ளியா, ராட்டையா?

பருத்திக்குத் தக்ளி, அதாவது கையால் சுழற்றிவிடும் சின்னக் கதிர். அம்மா பள்ளிக்கூடத்தில் நூற்பு வகுப்பில் வாங்கிய பித்தளைத் தக்ளி இன்னும் என்னிடம் இருக்கிறது. தக்ளியின் கூர்முனையை ஒரு சிரட்டைக்குள் வைத்துச் சுண்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு சுழலும். இடதுகையில் பஞ்சுப் பட்டையை லேசாகப் பிடித்து மேலே தூக்கத் தூக்க நூல் இறங்கும். பஞ்சைப் பிசையக் கூடாது. குருவிக்குஞ்சைப் பிடிக்கிற பிடிதான். “மக்ளே, பஞ்சு தானா வரும், நீ பறிக்காத” என்று அம்மா சொல்வது இப்போதும் காதில் கேட்கிறது.

பெட்டி ராட்டை இருந்தால் வேகம் பல மடங்கு. அதன் கதிர் படுவேகமாகச் சுழல்வதால் குட்டை இழைப் பருத்திக்கு அருமையாக இருக்கும். நீளக் கம்பளியைக் கொடுத்தால் நீங்கள் இழுப்பதற்கு முன்பே முறுக்கு ஏறி நூல் இறுகிவிடும். கம்பளிக்கு நான் தொங்கவிட்டுச் சுழற்றும் மரக்கதிரைத்தான் நம்புகிறேன்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் இருப்பது பருத்தி நூற்க வரம். இழை பறக்காது, ஒடியாது. ஆனால் ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் திண்ணையில் உட்கார்ந்து நூற்கப் பார்க்காதீர்கள்; முப்பந்தல் காற்றாலையைச் சுற்றுகிற காற்று உங்கள் பஞ்சை விட்டுவைக்காது.

எவ்வளவு நூல் வேண்டும்?

பெரியவர்களுக்கு ஒரு ஜோடிக்கு இழைகளைச் சேர்த்து முடித்த நூல் 350 மீட்டர் இருந்தால் கவலை இல்லை. மூவிழை என்றால் ஒற்றை இழையில் 1050 மீட்டர் நூற்க வேண்டும். சேர்க்கும்போது கொஞ்சம் சுருங்கும், அறுபடும், ஆகவே 1150 என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை நூறு கிராமுக்குள் அடங்க வேண்டும். கனத்தைப் பார்க்க ஒரு ஸ்கேலில் நூலை நெருக்காமல், இடைவெளி விடாமல் சுற்றுங்கள்: ஒரு அங்குலத்தில் 16 முதல் 18 சுற்று வந்தால் சாக்ஸ் நூல்.

நூற்ற கையோடு பின்னலாமா?

கூடாது. முறுக்கு நூலில் உட்கார வேண்டும். கம்பளிச் சிட்டத்தை, அதாவது வளையமாகச் சுற்றிய நூலை, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிஷம் மூழ்கவையுங்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் தொங்கவிடுங்கள். கீழே கனம் கட்டாதீர்கள். இழுத்துக் காயவைத்த நூல் சாக்ஸான பிறகு முதல் துவைப்பில் சுருங்கும்.

பருத்திச் சிட்டத்தை அடுப்பில் வைத்து, ஒரு சிட்டிகை துணிசோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்துக்கு மாறும். அது அழுக்கு இல்லை, பஞ்சின் மெழுகு. அது போனால்தான் சாக்ஸ் வேர்வையை உறிஞ்சும்.

ஊசி?

2.25 மி.மீ., பருத்திக்கு 2. நீளம் 80 செ.மீ. உள்ள சர்க்குலர் ஊசி, அதாவது இரண்டு முனையையும் கேபிள் இணைக்கும் ஊசி, ஒவ்வோர் அளவிலும் ஒன்று போதும், கேபிளை நடுவில் வெளியே இழுத்துவிட்டு இரண்டு பாதியாகப் பின்னலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். மலிவு ஊசி நம் உப்புக்காற்றில் துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை வைக்கும். வாங்க வசதி இல்லாத காலத்தில் நான் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஐந்தை வெட்டி, இரண்டு முனையையும் பட்டறையில் தேய்த்து வாங்கிப் பின்னினேன். அந்தக் கம்பி சரியாக 2 மி.மீ.

முதலில் எந்த லேஸ் டிசைன் எடுக்கலாம்?

அலை டிசைன். நாலு சுற்றில் ஒரு சுற்று மட்டும்தான் வேலை, மீதி மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு பின்னலாம்.

எங்கள் பேச்சில் ‘துளை’ என்றால் நூலை ஊசிமேல் ஒருமுறை சும்மா போடுவது. ஒரு கண்ணி கூடும். ‘சேர்ப்பு’ என்றால் இரண்டு கண்ணியை ஒன்றாக நிட் போடுவது. ஒரு கண்ணி குறையும். 60 கண்ணி போட்டு, 2 நிட் 2 பர்ல் வாய்ப்பட்டி 15 சுற்று முடித்துவிட்டு இப்படிப் போங்கள். முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் முழுக்க நிட். மூன்றாம் சுற்றில் சேர்ப்பு இரண்டு முறை. பிறகு துளை, ஒரு நிட், இதை நாலு முறை. மறுபடி சேர்ப்பு இரண்டு முறை. இந்த 12 கண்ணிக் கட்டைச் சுற்றிலும் ஐந்து முறை போடுங்கள். நாலாம் சுற்று முழுக்க பர்ல். சேர்ப்பில் நாலு குறைந்து துளையில் நாலு கூடுவதால் கணக்கு 12ஆகவே நிற்கும். ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். 11 வந்தால் ஒரு துளை விட்டுப்போயிருக்கிறது, அங்கேயே திரும்புங்கள்.

பாதத்துக்கு வந்ததும் மேல்பக்க 30 கண்ணியில் நடுவே இரண்டு கட்டு, அதாவது 24 கண்ணி அலை. இரண்டு ஓரத்திலும் மூன்று மூன்று கண்ணி வெறும் நிட். உள்ளங்காலில் துளையே போடாதீர்கள். அங்கே லேஸை யாரும் பார்க்கப்போவதில்லை, மணல் மட்டும்தான் நுழையும். பாதத்தில் நாலாம் சுற்றின் பர்லையும் நிட்டாக்கிவிடுவேன், ஷூவுக்குள் வரம்பு அழுத்தாது.

எட்டு வயதுப் பிள்ளைக்கு 48 கண்ணி, நாலு கட்டு.

அளவு எப்படி எடுப்பது?

பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு எடுங்கள். 22 செ.மீ. என்றால் சாக்ஸ் 20 செ.மீ. இருக்க வேண்டும், பத்தில் ஒரு பங்கு குறைந்தால்தான் காலைப் பிடிக்கும். பருத்தியில் அவ்வளவு குறைக்காதீர்கள், ஒரு செ.மீ. போதும். இன்னோர் அளவை எல்லோரும் மறப்பார்கள்: குதிகாலையும் புறங்காலையும் சேர்த்துச் சாய்வாக எடுக்கும் சுற்று. சாக்ஸ் ஏற வேண்டிய குறுகலான கணவாய் அதுதான். வாய்ப்பட்டியை இறுக்கிப் போட்டுவிட்டால் அங்கே சிக்கிக்கொள்ளும்.

மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து அளங்கள். துவைக்காத துண்டின் அளவை நான் நம்புவதில்லை, லேஸ் தண்ணீர் பட்ட பிறகுதான் தன் உருவத்துக்கு வரும்.

குதிகால் என்றாலே பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை, கணக்கு மட்டும் சரியாக இருக்க வேண்டும். 60 கண்ணி சாக்ஸில் பாதி, 30 கண்ணியில் பட்டை பின்ன வேண்டும். நேர்ப்பக்கத்தில் ஒரு கண்ணியைப் பின்னாமல் தாண்டு, ஒன்றை நிட் போடு. மறுபக்கம் முதல் கண்ணியைத் தாண்டி மீதி பர்ல். 30 வரிசை. தாண்டிய கண்ணிகளுக்குப் பின்னால் நூல் ஓடுவதால் பட்டை இரட்டைக் கனமாகும். கையால் நூற்ற நூலுக்கு இந்தக் குதிகால்தான் ஏற்றது.

திருப்பம் இப்படி: 17 நிட், அடுத்த இரண்டையும் இடச்சாய்வாகச் சேர்ப்பு, ஒரு நிட், திரும்பு. முதலைத் தாண்டு, 5 பர்ல், இரண்டைச் சேர்த்துப் பர்ல், ஒரு பர்ல், திரும்பு. இனி ஒவ்வொரு வரிசையிலும் இடைவெளி தெரிகிற இடம் வரை வந்து, இடைவெளியின் இருபுறத்துக் கண்ணிகளையும் சேர்த்து, ஒன்று போட்டுத் திரும்ப வேண்டும். எல்லாம் முடிந்தால் 18 கண்ணி மிஞ்சும். கையில் கிண்ணம் மாதிரி ஒரு குழி உருவாகியிருக்கும். முதன்முதலில் அந்தக் குழி உருவாகிற நிமிஷத்தில் சத்தம் போடாத ஒருவரையும் எங்கள் திண்ணையில் பார்த்ததில்லை.

பட்டையின் ஒவ்வோர் ஓரத்திலும் 15 கண்ணி எடுங்கள், மூலையில் ஒன்று கூடுதலாக. அந்த ஒன்றை எடுக்காவிட்டால் மூலையில் ஓட்டை விழும். மொத்தம் 80 ஆகும். சுற்று விட்டுச் சுற்று இரண்டிரண்டாகக் குறைத்து 60க்கு வந்துவிடலாம்.

குதிகாலில் வலை நூலையோ தங்கூசி என்கிற தூண்டில் நரம்பையோ சேர்த்துப் பின்னினால் தேயாதே?

குளச்சலிலிருந்து வருகிற ஒரு தம்பி கேட்டது; வலை பின்னத் தெரிந்த கை, ஊசிப் பின்னலை ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். நல்ல யோசனைதான், ஆனால் வேண்டாம். தங்கூசி கம்பி மாதிரி. பக்கத்தில் இருக்கிற கம்பளியை ரம்பமாக அறுத்துவிடும். பலம் வேண்டுமென்றால் ஓவர்லாக் தைப்பவர்கள் வைத்திருக்கும் வூலி நைலான் நூலை ஓர் இழை சேர்த்துப் பின்னுங்கள். புசுபுசுவென்று இருக்கும், நூலோடு ஒத்துப்போகும்.

நடுவில் கண்ணி நழுவினால் லேஸ் முழுவதும் அவிழ்ந்துவிடுமா?

சாதாரணப் பின்னலில் நழுவிய கண்ணியைக் குரோஷா ஊசியால் ஏற்றிவிடலாம். லேஸில் எது துளை, எது சேர்ப்பு என்று தெரியாமல் கலங்கிப்போகும். எனவே மூன்று அலைக்கு ஒருமுறை, வெறும் நிட் சுற்றில், வேறு நிறத் தையல் நூலை எல்லாக் கண்ணி வழியாகவும் கோத்துவிடுங்கள். காவல் நூல் என்று சொல்வோம். தப்பு நடந்தால் ஊசியை உருவிவிட்டு அதுவரை தைரியமாகப் பிரிக்கலாம்.

துவைப்பது, வைத்துக்கொள்வது?

கம்பளியை நாமே தலைக்குக் குளிக்கிற ஷாம்பூவில், ஒரே சூட்டில் இருக்கும் தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீரிலிருந்து பச்சைத் தண்ணீருக்கு மாற்றிக் கசக்கினால் ரோமம் ஒட்டிப்பிடித்துக் கெட்டித் துணியாகிவிடும், திரும்பி வராது.

ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு சாக்ஸ் காய மூன்று நாள் எடுக்கும். அரைகுறை ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூச்சியைவிட நம் ஊரில் பூஞ்சைதான் எமன். துணிப்பையில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் அடைக்காதீர்கள். பூச்சி விழுந்ததாகச் சந்தேகம் வந்தால் அப்போது மட்டும் கவரில் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வைத்து எடுக்கலாம்.

இதை விற்றுச் சம்பாதிக்க முடியுமா?

எனக்கு ஒரு கம்பளி ஜோடிக்கு நூற்க இருபத்தைந்து மணி நேரம், பின்ன முப்பது மணி நேரம். ரோமத்தின் விலை தனி. ஐந்நூறு ரூபாய்க்குத் தருவீர்களா என்று கேட்கிறவர்களிடம் கோபப்படுவதில்லை, கையில் தக்ளியைக் கொடுத்து அரைமணி நேரம் நூற்கச் சொல்கிறேன். எழுந்து போகும்போது அவர்களாகவே விலையைக் கூட்டிச் சொல்வார்கள். குடும்பம் நடத்தும் வருமானமாக இதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூலி போடாமல் விற்காதீர்கள். இந்த ஊரில் நூல்வேலைக் கூலியைச் சேர்த்து விடுதலை வாங்கிய பெண்கள் இருந்திருக்கிறார்கள். அந்தக் கூலியை நாமே வேண்டாமென்று சொல்வது எனக்குப் பொறுக்காது.

ஓட்டை விழுந்தால் தூக்கிப்போட வேண்டியதுதானா?

ஓட்டை விழும் வரை காத்திருக்காதீர்கள். மாதம் ஒருமுறை சாக்ஸைக் கையில் மாட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். குதிகாலில் எங்கே வெளிச்சம் கூடுதலாகத் தெரிகிறதோ அங்கேதான் நூல் மெலிந்திருக்கிறது. வழவழப்பாகத் தேய்த்த ஒரு சிரட்டையைக் குதிகாலுக்குள் கவிழ்த்து வைத்து, கம்பளி ஊசியில் அதே நூலைக் கோத்து, ஏற்கெனவே இருக்கும் கண்ணிகளின் தடத்திலேயே மேலோடிப் போங்கள். இதற்காகவே ஒவ்வொரு சிட்டத்திலும் ஐந்து கிராம் எடுத்து, யாருடைய சாக்ஸ் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கட்டி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். தங்கையின் பெயரில் இப்போது நாலு முடிச்சு இருக்கிறது, எல்லாம் மூவிழை.